முரணும் முரண்போலியும்: பைபிளை வாசிக்கும் முறை



ஒரு சமயத்தார் தமக்குப் பிரமாணமெனக் கொண்டு போற்றும் நூலிலே முன்னுக்குப்பின் முரணுவன உள எனக் காட்டி நகையாடுதல் எளிது. அந்நூல் எக்காலத்து எழுந்தது, யார்க்கு உரைக்கப்பட்டது, எப்பொருளை நோக்கிற்று என ஆராய்ந்து அதன் கருத்தை உள்ளவாறு அறிதல் அரிது. எளியதனைச் செய்வார் பலர். அரியதனைச் செய்தலே ஆசிரியர்க்குக் கடனாம். சைவரும் கிறிஸ்தவரும் அயலயலே வாழும் நம் நாட்டிலே, “பைபிள் தன்னைத் தானே மறுக்கின்றதாமே, மெய்தானா?” என்று ஒரு மாணாக்கன் வினவுதல் கூடும். அவ்வினாவுக்கு ஆசிரியர் கூறும் விடையால் அவன் கற்பது பைபிளைப் பற்றி மாத்திரமன்று. மெய்ம்மையை ஆராயும் முறையையும் அவன் அதனாலேயே கற்பான். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வாம்.

பைபிள் ஒருவர் ஒருகாலத்துச் செய்த ஒரு நூலன்று. பல நூற்றாண்டுகளிலே பலரால் எபிரேயத்திலும், சிறுபான்மை அரமேயத்திலும், பின்பு கிரேக்கத்திலும் எழுதப்பட்ட நூல்களின் தொகுதி அது. புரொட்டெஸ்தாந்தர் கொள்ளும் நூல்கள் 66. கத்தோலிக்கர் கொள்வன 73. வரலாறும் சட்டமும், பாட்டும் பழமொழியும், கடிதமும் அதனுள் அடங்கும். இங்ஙனமாகலின், இரண்டு வாக்கியங்கள் தம்முள் மாறுபடக் கண்டவிடத்து, அம்மாறுபாடு எவ்வகையது என்பதனையே முதலில் வினாவுதல் வேண்டும்.

முதலாவது வகை, இடம்பற்றி வரும் முரண்போலி. நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்து 4ஆம் வசனம், மூடனுக்கு அவன் மூடத்தனத்தின்படி மறுமொழி கூறற்க என விலக்குகின்றது. அடுத்த 5ஆம் வசனமோ, கூறுக என விதிக்கின்றது. அடுத்தடுத்து நிற்கும் இவற்றின் மாறுபாட்டைத் தொகுத்தோர் அறிந்திலர் என்பது பொருந்துமா? பொருந்தாது. விடை கூறின் தானும் அவனைப்போலாகும் இடமும் உண்டு. கூறாதொழியின் அவன் தன்னை அறிவுடையவனென்று மதித்துச் செருக்கும் இடமும் உண்டு. இவ்விரண்டு காரணமும் அவ்வசனங்களிலேயே சொல்லப்பட்டன. இம்முரண்பற்றி அந்நூலையே விலக்கிவைக்க யூத அறிஞர் ஒருகால் எண்ணினர் என்றும், ஒன்று வேதவிஷயத்தைப் பற்றியது, மற்றது உலகவிஷயத்தைப் பற்றியது எனத் தெளிந்து அதனை விடுத்தனர் என்றும் தல்மூது கூறும். வகுப்பறையிலே ஒரு பிள்ளையின் துடுக்கான வினாவுக்கு விடையிறுத்தும், வேறொரு பிள்ளையின் வினாவுக்கு வாளா இருந்தும் பழகிய நுமக்கு இது விளங்காததொன்றன்று.

இரண்டாவது வகை, ஒரு சொல் இருபொருளில் வருதலால் தோன்றுவது. மனிதன் நீதிமானாவது விசுவாசத்தினாலே, நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலன்று எனப் பவுல் உரோமருக்கு எழுதினார். கிரியைகளினாலே, விசுவாசத்தினாலே மாத்திரமன்று என யாக்கோபு நிருபம் கூறுகின்றது. இருவரும் ஆபிரகாமையே சான்று காட்டுகின்றனர். லூதர் 1522இலே யாக்கோபு நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு இகழ்ந்ததும் இதுபற்றியே. ஆயினும் நோக்குமின்: யூதரல்லாதார் விருத்தசேதனம் முதலிய யூத நெறிமுறைகளை மேற்கொண்டாலன்றி ஈடேறார் என்பாரைப் பவுல் மறுக்கின்றார். உடையும் உணவுமின்றி நிற்கும் சகோதரனை வாய்வார்த்தையால் வாழ்த்தி வெறுங்கையனாய் அனுப்புவோனது விசுவாசம் செத்தது என யாக்கோபு மறுக்கின்றார். மறுக்கப்பட்டார் வேறு, கிரியை என்னும் சொல்லின் பொருளும் வேறு. விசுவாசம் அன்பினாலே செயற்படுவது எனப் பவுலும் பிறிதோரிடத்து எழுதினார்.

மூன்றாவது வகை, ஏடு எழுதுவோரால் வந்த பிழை. யோயாக்கீன் என்னும் யூத அரசன் பட்டம் எய்தியபோது அவனுக்கு வயது 18 என இராஜாக்களின் இரண்டாம் புத்தகமும், 8 என நாளாகமத்தின் இரண்டாம் புத்தகமும் கூறுகின்றன. சில மாதங்களுக்குள் அவன் பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்டபோது அவன் மனைவியரும் உடன்போக்கப்பட்டனர் என்பதனால் 18 என்பதே பொருந்தும். நாளாகமத்தின் சில பழைய பிரதிகளிலும் அவ்வாறே காணப்படும். ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் ஆராயும் மரபிலே வந்த நாம், இத்தகைய பிழையைக் காட்டி ஒரு சமயத்தை வென்றோம் என்று மகிழ்தல் நாணத்தக்கது.

நான்காவது வகை, மெய்யாகவே உள்ள வேறுபாடு. இதனை மறைத்தலும் ஆகாது. யூதாஸ் பணத்தை எறிந்துவிட்டு நான்றுகொண்டு இறந்தான் என்றும், ஆசாரியர் அப்பணத்தால் நிலம் வாங்கினர் என்றும் மத்தேயு கூறுகின்றார். அவனே நிலத்தை வாங்கித் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்து இறந்தான் என அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறுகின்றது. கயிறு அறுந்து விழுந்தான் என இரண்டனையும் பொருத்துவார் உளர். அக்கயிறு அறுந்தமை இரண்டு நூலினும் இல்லை. காட்டிக்கொடுத்த கூலி, இரத்தநிலம் என்னும் பெயர், இழிந்த இறப்பு என்பவற்றில் இரண்டும் ஒத்தலும், ஏனையவற்றில் வேறுபடுதலும் கண்டு, செவிவழி வந்த வரலாறுகள் இரண்டு எனக் கொள்வதே நேர்மை.

தாவீது குடிகளை எண்ணுவித்த வரலாறும் இவ்வகையதே. அவ்வாறு செய்ய அவனை ஏவியது கர்த்தருடைய கோபம் எனச் சாமுவேலின் இரண்டாம் புத்தகம் கூறும். ஏவியவன் சாத்தான் என நாளாகமத்தின் முதலாம் புத்தகம் கூறும். நாளாகமம் பாபிலோனியச் சிறையிருப்பின் பின்னர் எழுந்தது. எல்லாம் இறைவன் செயலே என்று முன்னையோர் கூறினர். தீமைக்கு ஏவுதலை இறைவன்மேல் ஏற்றப் பின்னையோர் அஞ்சினர். சித்தாந்தம் கற்ற நமக்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று. மறைப்பது மலமாயினும் அதனைச் செலுத்துவது இறைவனது திரோதான சத்தியென்றும், அதுபற்றி அச்சத்தியும் உபசாரத்தால் மலமெனப்படும் என்றும் நம் ஆசிரியர் விளக்கினர். விடை வேறாயினும், வினா ஒன்றே. தீமைக்கும் இறைவனுக்கும் உள்ள இயைபு யாது என்று இடர்ப்பட்ட உள்ளங்களைக் கண்டு நகுதல் எங்ஙனம் தகும்?

இவ்வேறுபாடுகளைக் கிறிஸ்தவர் அறியாதவரல்லர். கி. பி. 400 அளவிலேயே அகுஸ்தீன் நான்கு சுவிசேஷங்களின் ஒற்றுமையை நாட்டத் தனிநூல் செய்தார். அதற்கு முன்னரே, இரண்டாம் நூற்றாண்டில், தாத்தியான் என்பவர் நான்கினையும் ஒரே வரலாறாக இணைத்தார். சிரிய நாட்டுச் சபைகள் அதனை நெடுங்காலம் வழங்கியும், முடிவில் நான்குமே நிலைபெற்றன. வேறுபாட்டை அழித்தலினும், சான்று கூறியோரை அவரவர் வாய்மொழியோடு விடுதலே தக்கதென அவர்கள் கொண்டனர் போலும்.

இனி, நமக்கு வழிகாட்டியாயினார் செய்ததை நோக்குவாம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று பைபிளைத் தமிழாக்கும் பணியிலே ஈடுபட்டார். அம்மொழிபெயர்ப்பு 1850இலே வெளிவந்தது. 1854இலே அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், சைவக் கிரியைகளை இகழ்ந்தார்க்கு அவர் வேதத்திலேயே விதிக்கப்பட்ட ஆலயம், பலி, தூபம், தீபம் முதலியவற்றை எடுத்துக்காட்டியது. கற்றறிந்த பின்னரே அவர் வாதித்தார். இருவர்க்கும் அளவுகோல் ஒன்றாதல் வேண்டும் என்பதே அவ்வாதத்தின் உயிர். அருணந்தி சிவாசாரியரும் சிவஞானசித்தியார் பரபக்கத்திலே பிறர் மதத்தை முதலில் அவர் கூறுமாறே கூறிப் பின்னரே மறுத்தார்.

அவ்வளவுகோலை நாமும் கைக்கொள்வோமாக. புராணங்களிலே ஒரே கதை வெவ்வேறாக வருங்கால், காலமும் கருத்தும் நோக்குக என்கின்றோம். இறைவன் உருவுடையன் என்றும் அருவன் என்றும் வருங்கால், அதிகாரிபேதம் நோக்குக என்கின்றோம். நம் நூலுக்கு வேண்டும் இப்பொறுமையைப் பிறர் நூலுக்கு மறுப்போமாயின், நாம் காப்பது சைவமன்று, நம் செருக்கேயாம். மாணாக்கன் வினவுங்கால், “அவ்விரண்டு வசனத்தையும் முன்னும் பின்னும் வாசித்து வா, பின்பு இருவரும் ஆராய்வாம்” என்று கூறுமின். பிறர் நூலை நடுநின்று கற்ற பிள்ளை தன் நூலையும் ஆழ்ந்து கற்பான். இகழக் கற்ற பிள்ளையோ நாளை தன் நூலையும் இகழ்வான்.

இந்நடுவுநிலைமை நம்மெல்லார்க்கும் வாய்க்குமாறு சிவபெருமான் திருவருள் புரிவாராக.