யந்திரத்தின் ஒப்பாரி

மாத்தளை மாவட்டத்து நாலந்தாவில் ஒரு பழைய கற்கோயில் இருக்கிறது. பல்லவச் சாயலில் அமைந்த அந்தப் பௌத்த ஆலயத்தைக் 'கெடிகே' என்பார்கள். நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடும் என்பதால், 1970களில் அதைக் கல் கல்லாகப் பிரித்து, பின்னர் மேட்டு நிலத்தில் மீண்டும் எழுப்பினார்கள்.

அதே நாலந்தா வழியாகத்தான் 19ஆம் நூற்றாண்டில், மன்னாரில் கரையேறிய தமிழ்க் கூலிகள் மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர் பலர். ஊரிலிருந்து கொண்டுவந்த மெட்டுகளில் தம் புதிய துன்பங்களைப் பாடினார்கள். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்திராவிட்டால் அப்பாடல்களிற் பல நமக்குக் கிடைத்திரா.

இன்று யந்திரமும் நாட்டார் இசை படைக்கிறது. 2015இல் பாப் ஸ்டர்ம் முதலிய ஆய்வாளர்கள், 23,000க்கு மேற்பட்ட அயர்லாந்து மரபு மெட்டுகளைக் குறியீடுகளாக்கிக் கணினிக்குக் கற்பித்தனர். ஒரு குறியீட்டை அடுத்து எது வரக்கூடும் என்று கணித்துக் கணித்து, அது புதிய மெட்டுகளைத் தந்தது. இப்பொழுதோ சொல்லும் குரலும் சேர்ந்த பாடலையே கணப்பொழுதில் பெறலாம்.

இதில் என்ன பிழை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் ஏது? பாடியோர் ஒவ்வொருவரும் மாற்றித்தானே பாடினார்கள்? யந்திரமும் இன்னொரு பாடகர் என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால், பெயரில்லாத பாடல் வேறு. ஆளில்லாத பாடல் வேறு. கங்காணியை ஏசிய பெண் பழைய அடியை மாற்றினாள் என்றால், தன் வாழ்வு கேட்டதால் மாற்றினாள். அது அவன் காதில் விழுந்தால் வரும் தண்டனையும் அவளுடையதே. யந்திரத்தின் ஏசல் எவரையும் குற்றஞ்சாட்டுவதில்லை. அதன் ஒப்பாரியில் எவரும் இறக்கவில்லை. கெடிகேயைப் பெயர்த்தவர்கள் அதே கற்களையே அடுக்கினார்கள். யந்திரம் அடுக்குவதோ கற்களின் சாயலை.

யந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. தேய்ந்த ஒலிநாடாவைத் துலக்கவும், சிதறிய பாடல்களை ஒப்பிட்டு வகைப்படுத்தவும் அது உதவட்டும். சாட்சி சொல்லும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்கலாகாது.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளி விழாவுக்கு ஒரு கும்மி தேவையானால், ஆசிரியர்களாகிய நாம் யாரிடம் போகிறோம்? மாணவியின் பாட்டியிடம் போனால் பாட்டு மட்டும் வராது; லயத்துக் காம்பராவும், தீராத கடனும், 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையின் கதையும் சேர்ந்தே வரும். விழா மேடைக்கு அவை சங்கடமானவை. அந்தச் சங்கடத்திற்கு அஞ்சியே யந்திரத்தை நாடுகிறோம் என்றால், குற்றம் யந்திரத்தினுடையதன்று.