பானைக்கும் தரவுக்கும் மூன்று காரணங்கள்

ஒரு பானைக்கு மூன்று காரணங்கள் உண்டு என்கிறது சைவ சித்தாந்தம். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். ஒன்று குறைந்தாலும் பானை இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் தந்த சிவஞானபோதம், உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்பதை நிறுவித்தான் தொடங்குகிறது.

கணினித் தரவுக்கும் இதே கேள்விதான்: இந்த முடிவு எதிலிருந்து, எதனால், யாரால் வந்தது?

எடுத்துக்காட்டாக, சங்கம் வளர்த்த மதுரையின் பெயரில் 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். தன்னார்வலர்கள் தட்டெழுதிய தமிழ் நூல்கள் பல தொடக்க ஆண்டுகளில் திஸ்கி குறியாக்கத்தில் வந்தன. பின்னர் யூனிகோடுக்கு மாறின. பழைய திஸ்கி கோப்பொன்றைப் பைத்தான் மொழியில் லேட்டின்-1 குறியாக்கம் என்று சொல்லித் திறந்தால் நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் வராது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும் வரிசைகட்டி நிற்கும். அதில் சொற்களை எண்ணினாலும் ஒரு கணக்கு வரும். தமிழின் கணக்காக அது இருக்காது.

இல்லது தோன்றாது என்பது சைவ சித்தாந்தம் ஏற்கும் சற்காரியவாதம். தவறாகப் படித்த உரையில் இல்லாத தமிழை அடுத்தடுத்த நிரல்கள் தாமாகத் தரா.

அதனால் மூலக்கோப்பைத் திருத்தாமல் தனி அடைவில் வையுங்கள். அதன் குறியாக்கத்தையும், கோப்பு மாறினால் தானும் மாறும் ஷா-256 அடையாளத்தையும் பதியுங்கள். எந்த நிரல்தொகுப்பு, எந்தப் பதிப்பு, யார் எழுதிய நிரல் என்பதையும் எழுதிவையுங்கள். முடிவை வெளியிடும்போது மூன்று காரணங்களையும் சேர்த்தே வெளியிடுங்கள்.