கடனும் கட்டணமும்

2017 ஜனவரியில் ஒரு சனிக்கிழமைக் காலை, லண்டன் புறநகரொன்றில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கதவு தட்டப்பட்டது. தட்டுவது யாரென்று எனக்குத் தெரியும். மனைவி வேலைக்குப் போயிருந்தார். ஒன்பது வயது மகளைக் கூப்பிட்டு, "வாப்பா வீட்டில இல்லையெண்டு சொல்லுங்க மகள்" என்றேன். அவள் கடிதம் போடும் துவாரத்தின் வழியே அதை அப்படியே ஒப்புவித்தாள். வெளியே நின்றவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் குரலைத் தாழ்த்தி, பெரியவர்கள் வந்ததும் கொடுக்கும்படி சொல்லி, ஒரு கடித உறையை உள்ளே போட்டுவிட்டுப் போனார்.

அந்த உறைக்குள் இருந்த கணக்கைப் பற்றிப் பல வாரங்கள் வழக்காடினேன். வென்றும் விட்டேன். ஆனால், கடன்பட்டவன் எதற்கெல்லாம் பொறுப்பாளி என்ற கேள்வி அந்த வெற்றியோடு முடிந்துவிடவில்லை. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

வந்தவர் பெய்லிப். நம் நாட்டு நீதிமன்றங்களில் பிஸ்கால் என்று அழைக்கப்படுபவரை ஒத்தவர். 2007 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவருக்கு 'அமுலாக்கல் முகவர்' என்று கண்ணியமான பெயரொன்றைச் சூட்டியது. எனினும் சனங்களின் வாயில் அவர் இன்னும் பெய்லிப்தான். அவர் தேடி வந்தது எனது கவுன்சில் வரிப் பாக்கியை. நம்மூர்ச் சோலைவரி போன்றது அது. ஆனால் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரல்ல, குடியிருப்பவரே கட்டவேண்டும். 1993 இல் தொடங்கிய இந்த வரி, இங்கிலாந்தில் இன்றும் 1991 ஆம் ஆண்டின் வீட்டு விலைகளை வைத்தே எட்டுப் படிகளாக வகுக்கப்படுகிறது.

எனக்குப் பாக்கி சேர்ந்த கதை புதுமையானதல்ல. 2015 இன் பிற்பகுதியில், நான் இரவு வேலை பார்த்த கடையில் வேலை மணித்தியாலங்களைக் குறைத்தார்கள். வாடகையை விட்டால் வீட்டைவிட்டு எழும்பவேண்டும். மின்சாரத்தை விட்டால் இருட்டில் இருக்கவேண்டும். வரியை விட்டால் உடனே ஒன்றும் நடப்பதில்லை. ஆகவே வரியை விட்டேன். நடந்ததெல்லாம் பிறகுதான். வழக்கமாகப் பத்து மாதத் தவணைகளில் கட்டும் இவ்வரியில் ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும். அதற்கும் அசையாவிட்டால், வருடத்தின் மீதித் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கட்டவேண்டியதாகிவிடும். அடுத்தது மஜிஸ்ட்ரேட் நீதிமன்ற அழைப்பாணை, அதற்கான செலவு, பிறகு, கட்டவேண்டியவர் இவரே என்ற நீதிமன்ற ஆணை. மாதத் தவணைக்கே வழியில்லாதவனிடம் வருடத் தொகையைக் கேட்பதன் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் வந்த கடிதங்களைப் பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் அடுக்கி வைத்தது நான்தான். அதை எந்தச் சட்டத்தின் மீதும் சுமத்த முடியாது.

இரண்டு வருடங்களுக்கு இரண்டு ஆணைகள். ஒன்று 418 பவுண், மற்றது 612 பவுண்; நீதிமன்றச் செலவும் உட்பட மொத்தம் 1,030. உறைக்குள் இருந்த கடிதம் கேட்டதோ 1,650. வித்தியாசமான 620 பவுணும் பெய்லிபின் கட்டணம். 2014 ஏப்ரல் 6 இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இக்கட்டணத்தைப் படிப்படியாக நிர்ணயித்தன. அப்போது, கோவை பெய்லிபிடம் ஒப்படைக்கப்பட்டதும் 75 பவுண். அவர் வாசலுக்கு வந்தால் 235. பொருட்களை விற்கும் கட்டத்துக்குப் போனால் மேலும் 110. கடன் 1,500 பவுணைத் தாண்டினால், கடைசி இரண்டு படிகளிலும் தாண்டிய தொகைக்கு 7.5 வீதம் மேலதிகம். நியாயமாகச் சொன்னால் இது ஒரு சீர்திருத்தமே. அதற்கு முன்னர், வாகனத்தோடு வந்ததற்கு 'நியாயமான செலவு' என்று எவ்வளவு போடலாம் என்பதில் ஓயாத தகராறு இருந்தது.

எனது கடிதத்தில் 75 உம் இரண்டு தடவை, 235 உம் இரண்டு தடவை போடப்பட்டிருந்தன. வந்தது ஒருவர், ஒரே ஒரு முறை, ஒரே கதவுக்கு. ஆலோசனை நிலையமொன்றில் தொண்டராக இருந்த வயதான பெண்மணி ஒருவர் அதே விதிகளில் ஒரு பிரிவைக் காட்டினார். ஒரே ஆளுக்கு எதிரான பல ஆணைகளை ஒன்றாக நிறைவேற்ற முடியுமானால், 75 ஐ ஒவ்வோர் ஆணைக்கும் அறவிடலாம். 235 ஐ ஒரு தடவை மட்டுமே அறவிடலாம். கம்பனிக்கு எழுதினேன், பிரதியைக் கவுன்சிலுக்கு அனுப்பினேன். ஏழு வாரங்களின் பின், 235 பவுண் கழிக்கப்பட்டதாக ஒரு வரிப் பதில் வந்தது. வருத்தம் தெரிவிக்கும் சொல் எதுவும் அதில் இருக்கவில்லை. மீதி 1,415 பவுணை மாதம் 60 ஆகக் கட்ட இணங்கினேன்.

இந்த வெற்றியை, டெக்ஸி ஓட்டும் அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, குப்ப அள்ளுறவனுக்கும் வயசான ஆக்களப் பாக்கிறவங்களுக்கும் சம்பளம் குடுக்கோணும். நான் மாசாமாசம் கட்டுறன். நீங்க கட்டாம விட்டத அறவிடுற செலவையும் என்ட தலையிலதான் போடோணுமா?"

நேர்மையான கேள்வி. வரி என்பது வெறும் கொடுக்கல் வாங்கலல்ல, அயலவர்களுக்கிடையிலான பொறுப்பு. நான் கட்டாமல் விட்டது எங்கோ ஒரு நூலகத்தின், ஒரு முதியவரின் பங்கிலிருந்து குறைந்திருக்கும். ஆகவே 1,030 பவுணைப் பற்றி எனக்கு முறைப்பாடில்லை. அறவிடும் செலவில் ஒரு பங்கைத் தவறியவன் ஏற்கவேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் செலவு யாருடைய தீர்மானத்தால் உண்டாகிறது? பொதுவாகக் கவுன்சில்கள் பெய்லிப் கம்பனிகளுக்குப் பணம் கொடுப்பதில்லை. கடன்பட்டவரிடம் அறவிடும் கட்டணமே கம்பனியின் வருமானம். கோவையை அனுப்பும் அலுவலருக்கு அது செலவில்லாத காரியம். செலவிருந்தால் அனுப்புமுன் ஒரு தடவை யோசித்திருப்பார். சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிக்கும் வழியை நாடியிருப்பார். நீதிமன்ற ஆணை கிடைத்தபின் அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. அடுத்தவன் செலவில் நிறைவேறும் கடுமையை ஏவுவது யாருக்கும் எளிது.

மேலும் அந்த நிலையான கட்டணம் கடனின் அளவைப் பார்ப்பதில்லை. அன்று 100 பவுண் பாக்கி வைத்தவரின் வாசலுக்குப் பெய்லிப் வந்திருந்தாலும் 310 பவுண். 1,400 பாக்கி வைத்தவரின் வாசலுக்கு வந்திருந்தாலும் 310. முன்னவரின் சுமை நான்கு மடங்காகியிருக்கும். பின்னவருக்குக் கால்பங்குகூடக் கூடியிருக்காது. வட்டி கூடாதென்று கேட்டு வளர்ந்த நாம், வட்டியைக் கண்டால் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். இது வட்டியல்ல. காலத்தோடு வளர்வதுமில்லை, கடன் கொடுத்தவரிடம் போய்ச் சேர்வதுமில்லை. 'செலவு' என்ற பெயரோடு வருவதால், இது எப்படி வந்தது என்று கேட்கவும் நமக்குத் தோன்றுவதில்லை.

அப்படிக் கேட்டவர் ஒருவர் இருந்தார். போல் நிக்கல்சன் என்ற ஓய்வுபெற்ற அங்கிலிக்கன் மதகுரு. வறியவர்களுக்கு இவ்வரியில் கிடைத்துவந்த தேசிய சலுகை 2013 ஏப்ரலில் ஒழிக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு உள்ளூர்க் கவுன்சில்களிடம் விடப்பட்டது. முன்பு ஒன்றுமே கட்டத் தேவையில்லாதிருந்த வறிய குடும்பங்கள் பலவும் ஒரு பங்கைக் கட்டவேண்டி வந்தது. இதை எதிர்த்து அவர் தமது வரியைக் கட்ட மறுத்தார். வட லண்டனின் ஹரிங்கே கவுன்சில் வழக்குச் செலவாக 125 பவுண் கேட்டது. டொட்டன்ஹாம் மஜிஸ்ட்ரேட் நீதிமன்றமும் அனுமதித்தது. அந்த 125 எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. 2015 இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. போதிய விபரமில்லாமல் அத்தொகையை நியாயமானதென மஜிஸ்ட்ரேட்டுகள் ஏற்றிருக்கக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். 2020 இல் அவர் காலமானார்.

காக்காவிடம் மீண்டும் போனேன். "இல்லாதவனிடம் ஒரு தொகையைக் கேட்பவர், அது எப்படி வந்ததென்று காட்டக் கடமைப்பட்டவர். பெய்லிபை அனுப்புகிறவரும் அந்தச் செலவில் ஒரு பங்கைச் சுமக்கவேண்டும். இவை இரண்டும் நடந்தால், என் பங்கை நான் மனமொப்பிக் கட்டுவேன்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அது சரி தம்பி. ஆனா காசில மட்டுமா ஒங்கட பங்கு?" என்றார். அந்தச் சனிக்கிழமையின் கதையை முழுதாக அவரிடம் சொல்லியிருந்தேன்.

பிற்பாடுதான் விதிகளை வாசித்தேன். இவ்வாறான கடனுக்காக முதன்முறை வரும் பெய்லிப் வீட்டுக் கதவை உடைத்து நுழைய முடியாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டுமே இருக்கும் வீட்டுக்குள் நுழையவும் முடியாது. அன்று நான் கதவைத் திறக்காமலே, "நான்தான் அந்த ஆள், மாதம் இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய்க்கு அங்கே தேவையே இருக்கவில்லை. கம்பனி பிழையாகச் சேர்த்த 235 ஐக் கழிக்க ஒரு பிரிவு இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயால் நான் சொல்லவைத்ததைக் கழிக்க எந்த விதியிலும் பிரிவு இல்லை.

2019 இல் கடைசித் தவணையைக் கட்டிய அன்று மகளைக் கூப்பிட்டு, அன்று செய்தது பிழை என்று சொன்னேன். அவளுக்குப் பதினொரு வயதாகியிருந்தது. மறந்திருப்பாள் என்றே நினைத்திருந்தேன்.

"அவருக்குத் தெரியும் வாப்பா," என்றாள். "நான் அந்தத் துவாரத்தைத் திறந்து பேசக்குள்ள, பக்கத்திலதான் உங்கட சப்பாத்துக் கிடந்திச்சு. அவர் அதத்தான் பாத்துக்கிட்டு நிண்டார்."

இரண்டு வருடங்களாக அவள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.