யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும், அவருக்கு எவ்வாறு உதவலாம் எனச் சீடர்கள் கேட்கவில்லை. இது யார் செய்த பாவம் என்றே ஆண்டவரிடம் கேட்டனர். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரம் காட்டும் இவ்வினா நம் ஊர்களிலும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது தெரியவந்தது. அது சிவகாசி இரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்த இளைஞர் தம் தொற்றை அறியாமலே கொடுத்திருந்தார். வேறொரு பரிசோதனையில் அறிந்ததும், தாமே மருத்துவமனைக்குத் தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்திருந்தது. அம்மாதம் முடியுமுன் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் உள்ளத்தில் இருந்ததை இறைவன் ஒருவரே அறிவார்.

அப்பெண்ணுக்காக நாம் இரங்கினோம். "ஒரு தவறும் செய்யாதவள்" என்றோம். அவ்விரக்கம் நல்லதே. ஆயினும் அச்சொல்லுக்குள் ஒரு தராசு ஒளிந்திருக்கிறது. தவறு செய்தவராயின் இரங்க வேண்டியதில்லை என்பது அதன் மறுதட்டு. உண்மை பேசுமாறு மறையுரைகளில் கற்பிக்கிறோம். பேசியவர் வந்து சேர ஓர் இடத்தை அமைத்து வைத்தோமா?

பட்டாசு ஆலையில் தீப்பற்றினால், யாருடைய கவனக்குறைவு என்று விசாரித்த பின்னரா காயமுற்றவரைத் தூக்குகிறோம்? கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு விரைகிறோம். விசாரணையும் வேண்டியதே, ஆனால் அது பின்னர் வருவது. ஒழுக்கத்தைப் பற்றிய போதனையை நாம் கைவிட வேண்டியதில்லை. பாவத்தை அறிக்கையிட ஒப்புரவு அருட்சாதனம் உண்டு. தெருத்திண்ணை அதற்குரிய இடமன்று.

இந்த வரிசைமுறையைத் தொற்றுள்ளோரே நமக்குக் கற்பித்துள்ளனர். 1998இல் கௌசல்யா பெரியசாமியும் தொற்றுள்ள வேறு சில பெண்களும் சென்னையில் 'பாசிட்டிவ் உமன் நெட்வொர்க்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். இத்தகைய குழுக்களில், 'எப்படி வந்தது?' என்பது முதல் வினா அன்று. மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வது எவ்வாறு, வீட்டில் யாரிடம் சொல்வது, ஏளனத்திற்கு என்ன மறுமொழி கூறுவது, உறக்கம் வராத இரவில் யாரை அழைப்பது என்பவையே அங்கு பகிரப்படுகின்றன. தனியே சுமக்கையில் நசுக்கும் அச்சம், அதை அறிந்த பத்துப் பேர் நடுவே தாங்கத்தக்கதாகிறது.

இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் கூட்டு மருந்தை அரசு இலவசமாக வழங்குகிறது. தொடர்ந்து உட்கொண்டு, கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியாகவும் தொற்று பரவுவதில்லை. எனவே இன்று மருந்துக்குப் பஞ்சமில்லை. அஞ்சாமல் வாய்திறக்க ஓரிடத்திற்கே பஞ்சம்.

நம் அன்பியக் கூட்டம் அவ்விடமாக முடியுமா? கேட்டதை வெளியே சொல்லாத நாவடக்கம் நமக்கு உண்டா? ஒருவரின் தொற்றை அவர் இசைவின்றி வெளிப்படுத்தலாகாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. அன்பின் கட்டளை அதற்கும் குறைந்ததாக இருக்கலாமா?

நற்செய்தியின் அந்த அதிகாரம் பார்வை கிடைத்ததோடு முடிவதில்லை. தமக்கு நிகழ்ந்ததை உள்ளபடி சொன்னதற்காக அம்மனிதர் வெளியே தள்ளப்பட்டார். அதைக் கேள்வியுற்ற ஆண்டவர் அவரைத் தேடிக் கண்டார். சாத்தூரில் உண்மை சொன்னவரைத் தேடிச் செல்ல நாம் பிந்திவிட்டோம். அடுத்தவர் நம் பங்கிலேயே இருக்கக்கூடும்.