கை வேறு, கலைஞன் வேறா?

'நான் உடல் அல்ல' என்பது வேதாந்தத்தின் முதற்பாடம். ஆனால் அதை யார், யாரிடம், எப்போது சொல்வது? கைவிரல்களை இழந்து படுத்திருக்கும் ஓர் இசைக்கலைஞனிடம், இரு கைகளும் நலமாக உள்ள ஒருவர் சென்று, 'அப்பா, நீ இந்தக் கை அல்ல' என்று கூறினால் அது உண்மையா, கொடுமையா? சொல்லின் பொருளில் பிழை இல்லை. ஆனால் கேட்பவனின் துயரத்தை விரைவாக முடித்துவைக்கும் அவசரம் அதில் இருக்கிறது. அந்த அவசரம் பெரும்பாலும் சொல்பவரின் வசதிக்காகவே.

1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தட்சிணேசுவரத்தில் பரவச நிலையில் கீழே விழுந்ததால் ஸ்ரீராமகிருஷ்ணரின் இடக்கை எலும்பு பிசகியது. கட்டுப்போட்ட கையை வருபவர்களிடம் காட்டி, 'இது குணமாகுமா?' என்று அவர் குழந்தையைப்போல் கேட்டுக்கொண்டிருந்ததை அன்பர்கள் அறிவர். உடலுணர்வை எளிதில் கடக்க வல்லவர் தம் வலியை மறைக்கவில்லை. அவ்வாறிருக்க, பிறருடைய வலியைத் தத்துவத்தால் மூடுவதற்கு நமக்கு என்ன உரிமை?

கையை இழந்தவனிடம் எப்படிச் செல்வது என்பதை ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளர் காட்டியிருக்கிறார். 1965-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர் தகட்டு இரும்புத் தொழிற்சாலையில் வேலையை விட்டுச் செல்லவிருந்த கடைசி நாளில், இயந்திரம் அவருடைய வலக்கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்தது. அவர் இடக்கைப் பழக்கமுள்ள கிட்டார் கலைஞர்; ஆகவே தந்திகளை அழுத்தும் கை அதுவே. இனி கிட்டாரை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்கள் மருத்துவர்கள். அப்போது அவரைக் காண வந்த மேற்பார்வையாளர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஓர் இசைத்தட்டைத் தந்து, 'இதைக் கேள்' என்றார். பிறர் கிட்டார் வாசிப்பதைக் கேட்கும் மனநிலையில் அந்த இளைஞர் இல்லை, மறுத்தார். வற்புறுத்திக் கேட்க வைத்த பிறகே, வாசிப்பவர் இடக்கையின் இரண்டு விரல்களை மட்டுமே கொண்டு வாசிக்கிறார் என்பதை மேற்பார்வையாளர் வெளியிட்டார்.

முதலில் இசை, பிறகு செய்தி. இந்த வரிசைதான் முக்கியம். செய்தியை முதலில் சொல்லியிருந்தால் அது பரிதாபத்திற்குரிய ஒருவரின் கதையாகியிருக்கும்.

அந்த இசைத்தட்டில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். ஐரோப்பாவின் ரோமா நாடோடிக் குடும்பம் ஒன்றில் 1910-இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். 1928-இல் பாரிஸ் நகரின் புறத்தே அவர் வாழ்ந்த வண்டிவீட்டில், மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் தீப்பற்றியது. இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுருங்கி மடங்கிவிட்டன. தம்பி ஜோசப் கொண்டுவந்த கிட்டாரை நோயுற்ற காலத்திலேயே எடுத்து, இரண்டு விரல்களுக்கு ஏற்ற ஒரு புதிய வாசிப்பு முறையை அவர் உருவாக்கிக்கொண்டார். 1934-இல் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியுடன் அவர் தொடங்கிய குழு, ஐரோப்பிய ஜாஸ் இசையின் வரலாற்றில் நிலையான இடம் பெற்றது.

அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்தார். அதன்மேல் தோல் துண்டை ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் தந்திகளின் இறுக்கத்தையும் சுருதியையும் குறைத்தார். 1970-இல் வெளிவந்த அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டு புதியதொரு இசை வகைக்கே வழிவகுத்தது. (அந்த இரைச்சல் எல்லோருடைய செவிக்கும் உகந்ததன்று, அது வேறு விஷயம்.)

ஒரு செயல் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது கீதையின் பதினெட்டாம் அத்தியாயம்: உடலாகிய இடம், கர்த்தா, பல்வேறு கரணங்கள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். கை ஒரு கரணம். கரணம் குறைந்தால் செயல் மாறும்; முடிந்துவிட வேண்டியதில்லை. இதை இவ்விருவரும் காட்டினர். ஆனால் அதே பட்டியலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கர்த்தாவும் ஐந்தில் ஒன்றே. மனவலிமை இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று மேடைகளில் முழங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அறுந்த தசைநாணைத் தைத்தபின், முழு வலுவுடன் அழுத்துவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும்; முந்தினால் தைத்த இடம் அறுந்துவிடலாம். வெட்டுண்டு இணைக்கப்பட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அந்த வேகத்தில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை உணர்வு திரும்பப் பல மாதங்கள் ஆகும். எந்தச் சங்கற்பமும் அதை விரைவுபடுத்தாது.

அந்தக் காத்திருப்பு முடிந்து கிட்டாரை மீண்டும் மடியில் வைக்கும் நாள்தான் உண்மையில் கடினமானது. விரல் நுனியின் காய்ப்புகள் மறைந்திருக்கும். தந்தி வெட்டுவதுபோல் வலிக்கும். எழும் ஒலி மழுங்கியிருக்கும். புதிதாகக் கற்பவனுக்கும் இதே நிலைதான். ஆனால் தன் வாசிப்பு எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது; அந்த அறியாமையே அவனைக் காக்கிறது. திரும்பி வருபவனுக்கு அந்தக் காப்பு இல்லை. அவனுடைய செவி இருபது ஆண்டுப் பழக்கமுடையது. கை நேற்றுப் பிறந்தது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தன் பழைய வாசிப்போடு ஒப்பிட்டுத் தன்னையே தண்டித்துக்கொள்கிறான். பலர் கிட்டாரை நிரந்தரமாகப் பெட்டியில் வைத்து மூடுவது வலியால் அன்று, இந்த ஒப்பீட்டால்தான்.

இந்த இடத்தில் வைராக்கியம் என்பது கிட்டாரைத் துறப்பதன்று. 'அப்படி வாசித்தவன் நான்' என்ற நினைவின்மீது கொண்ட உரிமையைத் துறப்பது. நேசித்தது இசையையா, இசைப்பவனாகத் தன்னையா என்ற கேள்வி, கை நலமாக இருக்கும்வரை எழுவதில்லை. இரண்டும் அதுவரை ஒன்றாகவே தோன்றும்.

கிட்டாரைவிட்டுச் சற்று விலகி, இந்தக் கேள்வியை நெடுங்காலம் சுமந்த ஒரு பியானோ கலைஞரைக் காணலாம். அமெரிக்கரான லியான் ஃபிளைஷரின் வலக்கை மோதிரவிரலும் சுண்டுவிரலும் 1964-ஆம் ஆண்டளவில் உள்நோக்கி மடங்கத் தொடங்கின. தசைகளுக்கு மூளையிலிருந்து வரும் கட்டளைகளில் நேரும் கோளாறு அது. ஃபோகல் டிஸ்டோனியா என்பர். வலியைப் பொருட்படுத்தாமல் மேலும் மேலும் பயிற்சி செய்தார், நிலை மோசமாயிற்று. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணமும் எழுந்ததாகப் பின்னாளில் அவரே கூறினார். பிறகு, தம் உறவு இசையோடுதான், இரு கைகளால் பியானோ வாசிப்பவர் என்ற நிலையோடு அன்று என்பதை உணர்ந்தார். இடக்கைக்கு மட்டுமே எழுதப்பட்ட படைப்புகளை வாசித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், பால்டிமோர் நகரின் பீபாடி இசைக்கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்பித்தார்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1990-களில், ஊசிமருந்தும் தசைகளைப் பிசையும் சிகிச்சையும் விரல்களை ஓரளவு தளர்த்தின. 2004-இல் 'இரு கைகள்' என்ற பொருள்படும் பெயரில் அவருடைய இசைத்தட்டு வெளிவந்தபோது எழுபதைக் கடந்திருந்தார். நோய் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஊசி தொடர்ந்து தேவைப்பட்டது. மாணவர்களுக்குக் கற்பிப்பதை அவர் நிறுத்தவும் இல்லை.