பக்கத்தில் இருந்தவர்



இந்த வாரம் உங்களில் பல குடும்பங்கள் ஒரு டாக்டரம்மாவை இழந்திருக்கிறீர்கள். கடல் கடந்து வந்து இங்கே தொழில் நடத்தியவர். குழந்தைக்கு ஜுரம் என்றால் நடுராத்திரியிலும் போனை எடுத்தவர். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை. பார்க்காதவரை மேடையேறிப் புகழ எனக்கு வராது. அவரைப் பற்றி நீங்கள் பேசுங்கள், அதுதான் முறை. நான், அவருடைய தொழிலுக்கு இந்த நாட்டில் பாட்டன் முறையாகிற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் பிழைக்க வந்தவர்தான். வைத்தியம் பார்த்ததும் இதே நியூயார்க்கில்தான். பெயர் ஆபிரகாம் ஜேக்கபி.

வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்தார். 95-வது அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வைத்தியத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி ஒன்று, வைத்தியர் ஒன்று, மருந்து ஒன்று. நாலாவது, பக்கத்தில் இருந்து மருந்தைக் கொடுக்கிறவர். இதில் வள்ளுவருடைய துணிச்சலைப் பாருங்கள். படித்த வைத்தியரையும், கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டார். நாலும் கட்டிலின் நாலு கால். ஒரு கால் குட்டையானால் நோயாளி கீழேதான்.

குழந்தை வைத்தியத்தில் அந்த நாலாவது ஆள் யார்? அம்மா. பாட்டி. சில வீட்டில் அப்பா. குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. டாக்டர் ஐந்து நிமிஷம் பார்க்கிறார். மீதி இருபத்து மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிஷமும் பார்க்கிறவர் அந்த நாலாவது ஆள்தான். திருச்சி மலைக்கோட்டையில் என்ன நடந்தது? ரத்தினாவதி என்கிற பெண்ணுக்குப் பிரசவ வலி. காவிரியில் வெள்ளம். அக்கரையிலிருந்து தாய் வர முடியவில்லை. ஈசுவரன் வந்தார். எப்படி வந்தார்? வைத்தியராக வந்திருக்கலாம், வைத்தீஸ்வரன் கோயிலில் அந்தப் பெயரோடுதான் இருக்கிறார். ஆனால் இங்கே தாயாக வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். வேண்டியதைச் செய்தார். நாலாவது இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஜேக்கபியைப் பார்ப்போம்.

1830-ல் வெஸ்ட்ஃபாலியாவில், ஹார்ட்டும் என்கிற சின்னக் கிராமத்தில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பான் பல்கலைக்கழகத்தில் 1851-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கிய கையோடு ஜெயில். 1848-ல் ஐரோப்பா முழுக்க அரசர்களை எதிர்த்துக் கிளம்பிய அலையில் இந்தப் பிள்ளையும் இறங்கியிருந்தார். கொலோன் நகரில் கம்யூனிஸ்டுகள் மேல் நடந்த பெரிய வழக்கில் ஒரு பிரதிவாதி. அதில் விடுதலையானார். ஆனால் அரசரை அவமதித்தார் என்று இன்னொரு குற்றம் சொல்லி மறுபடி உள்ளே வைத்தார்கள். வெளியே வந்ததும் இங்கிலாந்து போனார். லண்டனில் மார்க்ஸ், மான்செஸ்டரில் எங்கெல்ஸ், இருவரையும் பார்த்தார். (கோயிலில் மார்க்ஸ் பெயர் வந்துவிட்டது, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.) அங்கே பிழைப்பு நடக்கவில்லை. 1853-ல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். வயது 23.

மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியில், ஹோவர்ட் தெருவில் டாக்டர் என்று போர்டு மாட்டினார். சுற்றிலும் ஜெர்மனியிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்கள். தேடி வந்து பார்த்தால் 25 சென்ட். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் 50 சென்ட். பிரசவம் பார்த்தால் 5 டாலர். நாலு மாடி, ஐந்து மாடி ஏற வேண்டும். ஒரே அறையில் ஒரு குடும்பம், ஒரு தையல் மிஷின், ஒரு தொட்டில்.

அந்தக் காலத்து நியூயார்க்கில் குழந்தைகள் எதனால் செத்தன தெரியுமா? பாலினால். சாராய ஆலையில் மிஞ்சிய கழிவைத் தின்று வளர்ந்த நோயாளி மாடுகள். அதில் கறந்த நீலம் பூத்த பாலில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து வெள்ளையாக்கி விற்றார்கள். 1858-ல் ஒரு பத்திரிகை படம் போட்டு அம்பலப்படுத்தியது, ஊர் கொதித்தது, வியாபாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோடை வந்தால் வயிற்றுப்போக்கு. இந்த வீட்டில் ஒன்று, அடுத்த வீட்டில் ஒன்று என்று சின்னப் பெட்டிகள் இறங்கும்.

ஜேக்கபி மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கி வரவில்லை. அடுப்பங்கரையில் நின்றார். தாய்ப்பால் கொடு. முடியாதா, மாட்டுப்பாலைக் காய்ச்சு. பார்லிக் கஞ்சித் தண்ணீர் விட்டுக் கல. இதைத்தான் அவர் ஆயுசு முழுக்கச் சொன்னார். பின்னாளில் ஹார்வர்டில் ராட்ச் என்கிற பெரிய டாக்டர், பாலில் கொழுப்பு இத்தனை சதவீதம், சர்க்கரை இத்தனை சதவீதம் என்று குழந்தைக்குக் குழந்தை கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்கிற முறை கொண்டு வந்தார். பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் கையில் பென்சிலோடு திரிந்தார்கள். ஜேக்கபிக்கு அது பிடிக்கவே இல்லை. ஐந்தாம் மாடியில், கைக்குழந்தையோடு தையல் தைக்கிறவள் எந்தச் சூத்திரத்தைப் பார்த்துப் பால் கலப்பாள்? அவள் கைக்கு வராத வைத்தியம் குழந்தை வயிற்றுக்கு வராது. என்னைக் கேட்டால், இந்தச் சண்டையில் ஜேக்கபி பக்கம்தான் வள்ளுவர் நிற்பார்.

1860-ல் நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் குழந்தை நோய்களுக்கென்று ஓர் ஆசிரியர் பதவியை உண்டாக்கி அவருக்குக் கொடுத்தார்கள். இந்த நாட்டில் அதுதான் முதல். குழந்தை என்பது சின்ன அளவிலான பெரியவர் இல்லை, அதற்கு வேறு உடம்பு, வேறு நோய், வேறு வைத்தியம் என்று சொல்லிக்கொடுத்தார். ஏழைக் குழந்தைகளுக்கு இலவச கிளினிக் நடத்தி, மாணவர்களை அந்தப் படுக்கை அருகிலேயே நிறுத்திப் பாடம் எடுத்தார். பிறகு கொலம்பியாவில் பல வருஷம். மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு. 1888-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர். பட்டியல் நீளம், விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் விடக்கூடாது. அனாதைக் குழந்தைகளைப் பெரிய கட்டடத்தில் வரிசையாகப் போட்டு வளர்க்கிற வழக்கம் அப்போது உண்டு. தொட்டில் சுத்தம், தரை சுத்தம், ஆனால் குழந்தைகள் செத்துக்கொண்டே இருந்தன. இவற்றைக் கட்டடத்துக்குள் வைத்து வளர்க்காதீர்கள், ஆளுக்கு ஒன்றாகக் குடும்பங்களிடம் கொடுங்கள் என்று ஜேக்கபி சொன்னார். சாவுக் கணக்கை எடுத்து வைத்தார். தர்மம் செய்கிறோம் என்று நினைத்திருந்த சீமாட்டிகளுக்குக் கோபம் வந்தது. அவர்கள் நடத்திய, தாம் வைத்தியம் பார்த்த விடுதியை விட்டு ஜேக்கபி வெளியேற வேண்டியதாயிற்று. தர்மம் செய்கிறவர்களிடம் கணக்குக் கேட்டால் எல்லா ஊரிலும் இதுதான் நடக்கும்.

இவர் கோயிலுக்குப் போனாரா, ஜெபம் செய்தாரா என்று கேட்பீர்கள். மதச் சடங்குகளை விட்டு விலகி நின்ற ஆள். அவரைப் பற்றி ஏன் இந்தச் சபையில் பேச வேண்டும்? இப்போது வருகிறேன்.

1873-ல் மேரி புட்னம் என்கிற டாக்டரை மணந்தார். சாதாரணப் பெண் இல்லை. பாரிஸ் மருத்துவப் பள்ளியின் கதவைத் தட்டித் திறந்து உள்ளே போன முதல் பெண்மணி. அதற்கு முன் இரண்டு மனைவியரையும், பெற்ற குழந்தைகளில் பலரையும் ஜேக்கபி பறிகொடுத்திருந்தார். மேரி வந்த பிறகு வீட்டில் இரண்டு டாக்டர்கள். குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்று அவர் செய்த சொற்பொழிவை, சாதாரண ஜனங்கள் படிக்கிற மாதிரி அந்த அம்மாள் விரித்து எழுதி 1874-ல் புத்தகமாக்கினார். எர்ன்ஸ்ட் என்று ஒரு பையன் பிறந்தான். மார்ஜரி என்று ஒரு பெண்.

1880-ல் ஜேக்கபி தொண்டை அடைப்பானைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். டிப்தீரியா. இப்போது உங்கள் குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசியில் போடுகிறார்களே, அதில் ஒன்று. தொண்டையில் சாம்பல் நிறத் தோல் படரும், மூச்சு அடைக்கும், குழந்தை நீலமாகும். கழுத்தில் துளை போட்டு மூச்சை மீட்கப் பார்ப்பார்கள். அந்த நோயை அவரைவிட அறிந்தவர் அமெரிக்காவில் இல்லை என்று சொல்லலாம்.

1883-ல் எர்ன்ஸ்டுக்கு டிப்தீரியா வந்தது. ஏழு வயது. தகப்பன் அந்த நோய்க்கே நூல் எழுதியவர். தாய் ஊரே மதிக்கும் டாக்டர். பையன் பிழைக்கவில்லை.

பெரிய புராணத்தில் அப்பூதியடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். திங்களூர்க்காரர். நாவுக்கரசர் என்கிற அப்பரைக் கண்ணால் பார்க்காமலே, தண்ணீர்ப் பந்தலிலிருந்து பெற்ற பிள்ளை வரை எல்லாவற்றுக்கும் அவர் பெயர் வைத்தவர். ஒருநாள் அப்பரே வீட்டுக்கு வந்துவிட்டார். அமுது படைக்க வாழைக்குருத்து அரியப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டியது. ஓடி வந்து இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு விழுந்தான். பெற்றவர்கள் பிணத்தை மறைத்து வைத்து, அடியாருக்கு இலை போட்டார்கள். அப்பர் அறிந்தார், பாடினார், பையன் எழுந்தான். நாம் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறோம்.

ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் சிலருக்குப் பிள்ளை எழுந்திருக்கவில்லை. அவர்களுக்கு இந்தக் கதை கேட்கக் கேட்க நெருப்பு. நான் பல வருஷம் இதைப் பாராமலே பேசிக்கொண்டு போயிருக்கிறேன். புராணத்தைப் பாடிய சேக்கிழார் அப்படிப்பட்ட பெற்றோரைக் கைவிடவில்லை. அப்பர் பாடுவதற்கு முன்னால் உள்ள கொஞ்ச நேரத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பையன் எழுவான் என்று அப்பூதிக்குத் தெரியாது. தெரியாமல்தான் இலை போட்டார். அவருடைய பெருமை முழுவதும் அந்தத் தெரியாத நேரத்தில் அடங்கியிருக்கிறது. பிறகு நடந்தது ஈசுவரனுடைய பெருமை.

ஜேக்கபிக்கு அந்த நேரம் முடியவே இல்லை. பாட யாரும் வரவில்லை. வள்ளுவர் சொன்ன நாலில், அந்த ராத்திரி வைத்தியர் இருந்தும் இல்லை, மருந்து இல்லவே இல்லை. நோயாளியும் பக்கத்தில் உட்கார்ந்தவரும்தான் மிச்சம். அத்தனை படித்தவரும் அன்றைக்கு அந்த நாலாவது இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். அடுத்த நாளும், அடுத்த வருஷமும் மற்றவர் பிள்ளைகளின் தொண்டையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சடங்கு இல்லாத இந்த ஆளை நான் அடியார் என்று சொல்வது இதனால்தான். ஒப்பாதவர்கள் ஒப்ப வேண்டாம்.

எர்ன்ஸ்ட் இறந்து ஏழு வருஷம் கழித்து, பெர்லினில் பெரிங், கிட்டசாட்டோ இருவரும் டிப்தீரியா விஷத்துக்கு மாற்று கண்டார்கள். 1895-ல் நியூயார்க் சுகாதாரத் துறை குதிரைகளிலிருந்து அந்த மருந்தை எடுத்து ஏழைகளுக்கு இலவசமாகவே கொடுத்தது. எர்ன்ஸ்ட் இருந்திருந்தால் அப்போது இருபதை எட்டும் வயது. பாலுக்கும் ஒரு வழி பிறந்தது. மேசீஸ் கடையின் நேதன் ஸ்ட்ராஸ், அவரும் ஜெர்மனியில் பிறந்தவர், 1893-ல் சூடுபடுத்திச் சுத்தம் செய்த பாலை ஏழைகளுக்குக் கொடுக்க நிலையங்கள் திறந்தார். ஜேக்கபி துணை நின்றார். இதற்கிடையில் பெர்லினிலிருந்தே பேராசிரியர் பதவிக்கு அழைப்பு வந்தது. ஜெயிலில் போட்ட தேசம் சிவப்புக் கம்பளம் விரித்தது. போகவில்லை.

மேரி 1906-ல் மூளைக் கட்டியால் காலமானார். அதற்கு முன் தன் நோயின் அறிகுறிகளைத் தானே கவனித்து, மருத்துவக் கட்டுரையாக எழுதி வைத்தார். இந்த நோயினால்தான் இதை எழுதியவர் இறந்தார் என்று தலைப்பிலேயே வருகிறது. முண்டக உபநிஷத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவை வரும். ஒன்று பழம் தின்னும், ஒன்று தின்னாமல் பார்த்திருக்கும். அதற்கு நான் இத்தனை காலம் எத்தனையோ வியாக்கியானம் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாள் கட்டுரையைப் பற்றி அறிந்த பிறகு, சொன்னதெல்லாம் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

கிழவர் நிற்கவில்லை. 1912-ல், 82 வயதில், அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்குத் தலைவரானார்.  நாடு முழுவதும் உள்ள டாக்டர்கள் கேட்கிற தலைமை உரை. நன்றி சொல்லி, பழைய நினைவுகள் பேசி இறங்கியிருக்கலாம். அவர் எடுத்த பேச்சில் கருத்தடையும் இருந்தது. வளர்க்க முடிகிற அளவுக்கு மட்டும் பெற்றுக்கொள்ளும் வழி ஏழைத் தாய்க்கும் தெரிய வேண்டும் என்றார். அப்போது அந்த விஷயத்தை ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்பினாலே இந்த நாட்டில் குற்றம். 1873-ல் வந்த சட்டம். 1919 ஜூலையில் லேக் ஜார்ஜ் கரையில் 89 வயதில் அவர் கண்ணை மூடியபோதும் அது அமலில்தான் இருந்தது.