அம்பு முனையில் ஓர் அமானிதம்

வில்லிலிருந்து அம்பு விடுபடும் கணத்தில்தான் வேட்டைக்காரனின் செயல் தொடங்குகிறது என்று பொதுவாக எண்ணுகிறோம். ஆனால், எந்த முனையை அம்பில் பொருத்துவது என்று அவன் வீட்டில் அமர்ந்து தேர்ந்தபோதே அது தொடங்கிவிடுகிறது. அந்தத் தேர்வுக்கும் இறைவனிடம் கணக்கு உண்டா? இவ்வினாவைச் சிறிது சிந்திப்போம்.

அமெரிக்கக் காடுகளில் வான்கோழி இன்றும் காட்டுப் பறவையாகத் திரிகிறது. அதை வில்கொண்டு வேட்டையாடுவோர் அம்பு முனையைப் பற்றி நெடுநேரம் வாதிடுவர். அதற்குக் காரணம் உண்டு. அப்பறவை பார்வைக்குப் பெரிது. ஆயினும் அந்தப் பருமனில் பெரும்பகுதி இறகே. இதயமும் நுரையீரலும் அமைந்த உயிர்நிலை மிகச் சிறிது. ஆகவே சிலர் அசையாத அலகுகள் கொண்ட முனையை நாடுவர்; சிலர் பட்டவுடன் விரியும் அலகுகளை விரும்புவர்; வேறு சிலர் கழுத்தைத் துணிக்கும் அகன்ற அலகுகளைக் கொள்வர். தேர்வு தவறினால், காயம்பட்ட பறவை தப்பியோடிப் புதரில் மறைந்து, மெல்ல மெல்ல மடியும். பிழை மனிதனுடையது, வேதனை பறவையுடையது.

எங்கோ நடக்கும் வேட்டை நமக்கு எதற்கு என்று காரைக்குடியில் இருப்போர் கேட்கலாம். நம் சிவகங்கைச் சீமைக்கும் பெயர்பெற்ற எறிபடை ஒன்று இருந்தது. அதுவே வளரி. மரத்தாலும் இரும்பாலும் செய்யப்பட்டு, பிறைபோல் வளைந்திருக்கும். 1801ஆம் ஆண்டில் மருது சகோதரர்களை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தமக்கு வளரி வீசக் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே என்று தம் நினைவு நூலில் பதிந்துள்ளார். அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் அச்சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். போருக்கு மட்டுமன்றி முயல் வேட்டைக்கும் வளரி பயன்பட்டது. கூர்விளிம்பு கொண்ட இரும்பு வளரிகளும் உண்டு. மர வளரியோ எடையால் அடித்து, எலும்பை முறித்து வீழ்த்துவது.

கூர்மையால் கொல்வதற்கும் எடையால் கொல்வதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பற்றி, பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார். அவர் வேட்டையில் நாட்டமுடைய அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள். ‘மிஃராள்’ எனப்பட்ட இறகில்லா அம்பைக் குறித்தே அவர் கேட்டார். அதன் முனை தைத்து மாண்டதை உண்ணலாம். அதன் அகலப் பக்கம் மோதி மாண்டது அடிபட்டுச் செத்ததே, அதை உண்ணலாகாது என்று விளக்கம் கிடைத்தது. அடிபட்டுச் செத்தவற்றைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயமும் விலக்குகிறது. எனவே வளரியின் அடியால் மாண்ட முயல் நமக்கு ஆகாது. உயிரோடு கைக்கு எட்டி, முறைப்படி அறுக்கப்பட்டால் ஆகும்.

இங்கு மறைந்து கிடக்கும் கருத்தை நோக்குக. இறைவன் பெயரைக் கூறி எய்த அம்பு, அறுக்கும் கத்தியின் இடத்தைப் பெறுகிறது. அது தொலைவுக்குச் செல்லும் கத்தி. ஆகவே கத்திக்குரிய கடமைகள் அதற்கும் உரியவை. எல்லாச் செயலிலும் அழகிய முறையை இறைவன் விதித்துள்ளான் என்றும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு இலகுவாக்க வேண்டும் என்றும் பொருள்படும் நபிமொழியை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, ‘ஸஹீஹ் முஸ்லிம்’ பதிந்துள்ளது. தீட்டுதல் அறுப்பதற்கு முன் நிகழ்வது. ஆயத்தத்தில் கவனமின்றி இருந்துவிட்டு, செயலின்போது மட்டும் இரக்கம் காட்ட எவராலும் இயலாது.

அப்படியாயின், முனை கூர்மையாக இருந்துவிட்டால் போதுமா? போதாது. கூர்மை, எப்படிக் கொல்வது என்பதற்கு விடை. ஏன் கொல்வது என்பதற்கு விடையன்று. உயிருள்ள பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிய இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த வரலாற்றை நாம் அறிவோம். அவர்களுடைய அம்புகள் மழுங்கியவையா என்று அப்பெருமகனார் ஆராயவில்லை. உண்பதற்காக எய்பவனும் விளையாட்டுக்காக எய்பவனும் ஒரே முனையைக் கையாளலாம். இருவரும் ஒரே செயலைச் செய்தவர்கள் ஆகார்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. இன்று செட்டிநாட்டு உணவகங்களில் பரிமாறப்படும் காடை, பண்ணையில் வளர்ந்தது. திருப்பத்தூருக்கு அருகே, பெயரிலேயே ‘வேட்டம்’ ஒலிக்கும் வேட்டங்குடி 1977ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாயிற்று. அங்கு வந்து கூடு கட்டும் பறவைகள் அஞ்சலாகாதென்று, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. தம் பிள்ளைகளின் மகிழ்ச்சியில் ஒரு பகுதியை அவர்கள் பறவைகளுக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். சமயம் வேறாயினும் இந்தப் பண்பிலிருந்து நாம் பாடம் பெறலாம்.

அம்பு நம் கையில் இல்லை. எனினும் கத்தி இருக்கிறது. கோழி வாங்கச் செல்லும் நாம், விலையையும் எடையையும் விசாரிக்கிறோம். கத்தி எப்போது தீட்டப்பட்டது என்று கேட்கிறோமா? ஒன்றன் கண்முன் மற்றொன்று அறுபடுவதைக் கண்டும் காணாதவர்போல் நிற்கிறோமே! ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லப்பட்டதா என்று கேட்பது நம் கடமை. அத்திருப்பெயரைச் சொல்லிய கையில் மழுங்கிய கத்தி இருப்பது, அப்பெயருக்கு நாம் செய்யும் மரியாதையாகுமா?

உண்டிவில்லும் நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. கண்மாய்க் கரையில் அவர்கள் குருவிகளைக் குறிபார்க்கும்போது, விளையாட்டுத்தானே என்று சிரித்துவிடுகிறோம். சிறுகல்லைச் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, பகைவனையும் வெல்லாது. பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பதே காரணம். இதை எடுத்துரைத்த பின்னரும் கல்லெறிந்த ஒருவரோடு, இனிப் பேசுவதில்லை என்று அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் உறுதி பூண்டார்கள். பயன் தராது ஊறு மட்டுமே விளைக்கும் கருவியை ஏந்துவதையே அவர்கள் எவ்வளவு பெரிதாகக் கருதினார்கள்!

கருவியைத் தேர்வது சிறு செயலன்று. நம்மிடம் முறையிட வாயில்லாத ஓர் உயிரின் இறுதிக் கணம் அத்தேர்வில் அடங்கியிருக்கிறது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தேவையின்றிக் கை ஓங்காமலும், தேவையுற்றபோது வேதனையை நீட்டிக்காமலும் வாழும் நல்லுணர்வை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.